குருதியும் கைநாட்டும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவையொட்டிக் கூக்காலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மலையூரில் கூடுகிறோம், எனவே குறிஞ்சித் திணை பற்றிப் பேசுங்கள் என்றுதான் செயலர் முதலில் பணித்தார். குறிஞ்சியைப் பற்றி வகுப்பில் இருபது ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். இந்த ஏரிக்கரையில், இந்தச் சோலைக்காட்டின் ஓரத்தில் நின்றுகொண்டு வேறொன்றைப் பேச என் மனம் விழைந்தது. தலைப்பை மாற்றிக்கொள்ள இசைவளித்த செயலருக்கு நன்றி. இசைவு என்னும் இச்சொல்லே இன்றைய பேச்சின் பொருளாகவும் அமைகிறது.

நான் இவ்வூரில் பிறந்தவள் என்பது உங்களில் பலர் அறிந்ததே. அறியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, கோடை விடுமுறையில், ஒரு நாள் காலையில் இரண்டு ஜீப்புகளில் சிலர் இங்கு வந்தனர். பள்ளிக்கூடத் திண்ணையில் மேசை போட்டார்கள். இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. என் அம்மாவும் வரிசையில் நின்றார். குருதி எடுத்த பின் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. மையில் தோய்த்துப் பெருவிரலை வைத்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். "எம் மக காலேசுல படிக்கிறா" என்று அம்மா பெருமையோடு என்னை முன்னே தள்ளினார்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. மூன்று பக்கம். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும். எனினும் படிக்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தயங்காமல் கையெழுத்திடுவதே படித்தவளுக்கு அழகு என்று அன்று எண்ணினேன். அம்மாவுக்குப் பின் ஒன்பது பேருக்கோ பத்துப் பேருக்கோ நானே சாட்சியானேன். ஆளுக்கொரு பன்னும் பாலும் தந்தார்கள். மாலைக்குள் ஜீப்புகள் பூம்பாறைச் சாலையில் இறங்கிப் போயின. அதன்பின் ஒரு முடிவும் வரவில்லை. பல மாதங்கள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்: "என் ரத்தம் என்னம்மா ஆச்சு?"

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. இன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எத்துணைப் பெரியது என்பது இப்போது சற்று விளங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஆய்வு அறநெறிக் குழுவில் என்னைப் பொது உறுப்பினராகச் சேர்த்தார்கள். இத்தகைய குழுக்களில் மருத்துவர், அறிவியலார், சட்டம் அறிந்தவர் ஆகியோருடன், துறைக்கு வெளியிலிருந்து ஒரு பொதுமகனோ மகளோ இருத்தல் வேண்டும் என்பது விதி. தமிழ் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று நானே ஐயுற்றேன். இசைவுப் படிவங்களின் தமிழைச் சரிபார்ப்பதே வேலை என்றார்கள். அங்கு அமர்ந்து படிவங்களை ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான், பள்ளிக்கூடத் திண்ணையில் நான் படிக்காமல் விட்ட அந்த மூன்று பக்கங்கள் என்னை வந்து பிடித்துக்கொண்டன.

கவிஞர்கள் நிறைந்த அவையில் அறிவியலை நீட்டிக்க விரும்பவில்லை. ஒரு தேக்கரண்டிக் குருதியில் உள்ள வெள்ளணுக்கள் ஒவ்வொன்றின் உட்கருவிலும், நால்வகை எழுத்துகளால் ஆன முந்நூறு கோடி எழுத்துச் சுவடி ஒன்று இருக்கிறது. அதுவே மரபணுத்தொகுதி. தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி. முன்பெல்லாம் குருதியைச் சோதித்து எஞ்சியதைக் கொட்டிவிடுவர். இப்போது அதிலிருந்து மரபுப்பொருளைப் பிரித்தெடுத்து, உறைநிலைக்கு எண்பது பாகை கீழே குளிர்வித்து, பல்லாண்டு வைத்திருக்க முடியும். அவ்வாறு வைத்திருக்கும் இடமே உயிர்மாதிரி வங்கி. வங்கி என்னும் சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. நம் வங்கியில் பணம் போட்டால் கணக்குப் புத்தகம் தருவார்கள். இந்த வங்கியில் அது கிடையாது.

குருதியைச் சுவடி என்று நான் சொன்னது வெறும் உவமைக்காக அன்று. நம் துறையின் வரலாறே திரட்டுதலின் வரலாறு. காலின் மெக்கன்சி ஊர் ஊராக ஆள் அனுப்பிச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் தலபுராணங்களையும் திரட்டினார். அவர் 1821இல் மறைந்தபின் அத்தொகுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர் மனைவியிடமிருந்து ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கியது. ஒரு பகுதி இலண்டனுக்குச் சென்றது. ஒரு பகுதி சென்னைக்கு வந்து இன்று கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. அத்திரட்டு இல்லையெனில் தென்னாட்டு வரலாற்றில் பாதி இருண்டிருக்கும். எனினும் ஏட்டைக் கொடுத்த ஊர்க் கணக்கனுக்கும் பூசாரிக்கும் அந்த ஒரு லட்சத்தில் பங்கு இல்லை.

உ.வே. சாமிநாதையர் திரட்டியது வேறு வகை. புறநானூற்றுப் பதிப்பு 1894இல் வெளிவந்தது. ஐயரின் பதிப்புகளுடைய முகவுரைகளைப் புரட்டினால், இன்ன ஊரில் இன்னார் வீட்டுப் பிரதி என்று, ஏடு உதவியவர் பெயரெல்லாம் நிரலாக இருக்கும். நான் முனைவர் பட்டத்துக்குப் பதிப்பு வரலாறு படித்தபோது இந்தப் பட்டியல்களைச் சம்பிரதாயம் என்று கருதித் தாண்டிப்போனதுண்டு. அவை சம்பிரதாயம் அல்ல. ஏடு எங்கிருந்து வந்தது, யாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதற்கான பத்திரம் அது.

இனி நம் பக்கத்து ஊர்க் கதைக்கு வருகிறேன். இங்கிருந்து மலையிறங்கினால் எட்டிவிடும் தொலைவில் உள்ளது உசிலம்பட்டி. அப்பகுதியைச் சேர்ந்த ஒருவருடைய குருதியில், ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக ஆஸ்திரேலியா வரை சென்ற தொல்மாந்தரின் தடம் ஒன்று காணப்பட்டது. எம் 130 என்பது அதன் பெயர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் அவர்களும், அமெரிக்கரான ஸ்பென்சர் வெல்ஸ் அவர்களும் தொடர்புடைய ஆய்வு அது. வெல்ஸ் 2002இல் நூலாக எழுதி, ஆவணப்படமாகவும் அதனை உலகுக்குச் சொன்னார். பின்னர் 2005இல் நேஷனல் ஜியாகிரபிக் சங்கமும் ஐ.பி.எம். நிறுவனமும் ஜீனோகிராபிக் திட்டத்தைத் தொடங்கியபோது, இந்தியாவுக்கான மையம் மதுரையிலேயே அமைந்தது. ஆயிரத்து அறுநூற்று எண்பது ஆடவரின் மாதிரிகள், பன்னிரண்டு பழங்குடிகள், பத்தொன்பது பிற சமூகங்கள் என விரிந்த தமிழ்நாட்டு ஆய்வு 2012இல் வெளியாயிற்று. இம்மக்கட் பிரிவுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, சாதி அமைப்பு உருவாவதற்கும் முற்பட்டது. வேளாண்மை பரவியதோடு தொடர்புடையது என்பது அதன் முடிபு. தமிழ் மண்ணில், தமிழ் அறிஞர் தலைமையில் நிகழ்ந்த பெரும் உழைப்பு அது. அதில் நான் குறை காணவில்லை.

என் கவலை, அதன்பின் நிகழ்ந்தது பற்றியது. அந்த மனிதரின் பெயரும் ஊரும் சாதியும் உலகெங்கும் போயின. இன்று இணையத்தில் தேடினால் யாரும் அவரைக் காணலாம். நான் அவர் பெயரை இங்குச் சொல்லப்போவதில்லை. மேடைகளில் அவர், "உலகின் முதல் மனிதர்" ஆனார். அவர் சாதி, "உலகின் முதல் சாதி" ஆயிற்று. தமிழ்ப் பேச்சாளர்களாகிய நாமே அதைச் செய்தோம். நம் வட்டத்தின் மேடையிலும் ஒருமுறை கேட்டிருக்கிறேன்; கைதட்டலும் பெருத்தது. எம் 130 என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் குரோமசோமில் உள்ள ஓர் அடையாளம். பத்துத் தலைமுறை மேலே போனால் ஒருவர்க்கு ஆயிரத்து இருபத்து நான்கு முன்னோர் இடங்கள் உண்டு. அவற்றுள் ஒரே ஒருவரின் வழியை மட்டும் காட்டுவது அந்த அடையாளம். எஞ்சிய ஆயிரத்து இருபத்து மூன்றும் அதில் இல்லை. அம்மாவும் இல்லை, அம்மாவின் அம்மாவும் இல்லை. கொடிவழி என்றாலே ஆண்வழிதான் என்று பழகிய நாட்டில், இந்த அறிவியல் நம் பழைய மயக்கத்துக்குப் புதிய சான்றிதழ் போலாகிவிட்டது. அறிவியலாரின் பிழை அன்று அது. எனினும் ஒரு மனிதர் கையை நீட்டிக் குருதி கொடுத்தபோது, தம் பெயர் இவ்வாறெல்லாம் மேடையேறும் என்று அவரோ, எடுத்தவரோ எண்ணியிருக்க இயலுமா?

இதனினும் கொடிய நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. கிராண்ட் கேன்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கின் அடியில் வாழும் ஹவாசுபாய் என்னும் சிறு பழங்குடி, நீரிழிவால் பெரிதும் துன்புற்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வந்து குருதி எடுத்தனர். நீரிழிவுக்கு வழி பிறக்கும் என்று நம்பி மக்கள் கொடுத்தார்கள். அந்தக் குருதி மனப்பிறழ்வு ஆய்வுக்கும், நெருங்கிய உறவில் மணம் செய்தல் பற்றிய ஆய்வுக்கும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்னும் ஆய்வுக்கும் பயன்பட்டது. தாம் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர் என்பது அவர்தம் தொன்மம். வேறெங்கிருந்தோ வந்தவர் என்று அவர்கள் குருதியைக் கொண்டே எழுதினார்கள்.

இது எவ்வாறு வெளிப்பட்டது என்பதே என்னை உறக்கம் கெடுக்கச் செய்த பகுதி. 2003இல் அப்பல்கலைக்கழகத்தில் ஒருவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கான அவை நடக்கிறது. நம் ஊரில் வாய்மொழித் தேர்வு என்போமே, அதுதான். கேட்போர் வரிசையில் ஹவாசுபாய்க் குடியில் பிறந்த மாணவி ஒருத்தி. திரையில் ஓடும் தரவுகள் தன் மக்களின் குருதியிலிருந்து வந்தவை என்று அவள் உணர்கிறாள். எழுந்து, இதற்கு அவர்களிடம் இசைவு பெற்றீர்களா என்று கேட்கிறாள். வழக்கு 2004இல் தொடுக்கப்பட்டு, 2010இல் உடன்பாட்டில் முடிந்தது. பல்கலைக்கழகம் நாற்பத்தொரு பேருக்கு ஏழு லட்சம் டாலர் வழங்கியது. குருதி மாதிரிகளைத் திருப்பித் தந்தது. வாய்மொழித் தேர்வுகளில் புறத்தேர்வாளராக எத்தனையோ முறை அமர்ந்திருக்கிறேன். தரவு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டிருக்கிறேன். கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. நாட்டுப்புறப் பாடல் திரட்டிய ஆய்வேடுகளுக்கும் இக்கேள்வி பொருந்தும். தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய பாட்டிகள் நூறு பேர். நூலின் முகப்பில் பெயர் ஒருவர்க்கு.

இவ்வளவும் கேட்டபின், குருதியே கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளற்க. அப்படி முடிவுகட்டினால் இழப்பு நமக்கே. மரபணு ஆய்வுகளில் பங்கேற்றோருள் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர் ஐரோப்பிய மரபினர் என்று 2019இல் வெளிவந்த ஒரு கணக்கு கூறுகிறது. அவர்கள் உடலை அளந்து செய்த சட்டையை நாம் போட்டுக்கொள்கிறோம். மதுரைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் பங்கேற்ற ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. இதயத் தசைக்குரிய ஒரு மரபணுவில் இருபத்தைந்து எழுத்துகள் விடுபட்டிருத்தல், தெற்காசியரில் நூற்றுக்கு நால்வரிடம் உள்ளது என்றும், பிற்காலத்தில் இதயத் தசை நலிவதற்கு அது ஏதுவாகிறது என்றும் கண்டார்கள். நம் குருதியைப் பார்க்காமல் இது தெரிந்திராது.

இன்னொன்று. நம் நாட்டின் ஒரு வணிகச் சமூகத்தாருள் பலர்க்கு, அறுவை மருத்துவத்தின்போது தசை தளரக் கொடுக்கும் ஒருவகை மருந்தைச் சிதைக்கும் நொதி குறைவு. மற்றவர்க்குச் சில நிமிடங்களில் தெளியும் மருந்து, இவர்க்கு மணிக்கணக்கில் நீடித்து மூச்சை நிறுத்தும். மயக்க மருத்துவர்கள் இதனை அறிந்து, அச்சமூகத்தாரைக் கேட்டுத் தெரிந்துகொண்டே மருந்தைத் தேர்வதால் உயிர்கள் பிழைக்கின்றன. அச்சமூகத்தின் பெயரை நான் ஈண்டுச் சொல்லவில்லை. மருத்துவமனையில் அப்பெயர் உயிர் காக்கும். பெண் பார்க்கும் இடத்தில் அதே பெயர் வேறு வேலை செய்யும்.

அகமணம் என்னும் வேலி இரண்டாயிரம் ஆண்டு நின்ற நாட்டில், ஒவ்வொரு வேலிக்குள்ளும் அதற்கே உரிய நோய் எழுத்துகள் திரண்டிருக்கின்றன. ஆகவே ஆய்வாளர்க்கு இந்தியா ஒரு சுரங்கம். ஆகவேதான் இங்கு ஆய்வு கூர்மையான கத்தியும்கூட. இந்திய மரபணு வேறுபாட்டுக் கூட்டமைப்பினர் ஐம்பத்தைந்து மக்கட் பிரிவுகளை ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டபோது, சாதிப் பெயர்களை நீக்கி, மொழிக்குடும்பமும் திசையும் சுட்டும் குறியெழுத்துகளால் அவற்றைக் குறித்தார்கள். இழிவோ வீண்பெருமையோ விளையாதிருக்க அது நல்ல ஏற்பாடு.

ஆயினும் உ.வே.சா.வின் முகவுரையில் வளர்ந்த எனக்கு இது எளிதில் செரிக்கவில்லை. ஏடு கொடுத்தவர் பெயரைச் சொல்வது அறம். குருதி கொடுத்தவர் பெயரை மறைப்பது அறம். எப்படி இரண்டும் உண்மையாகும்? நெடுநாள் எண்ணியபின் எனக்குத் தோன்றியது இது: ஏடு அவரிடம் இருந்த பொருள், குருதி அவரே. பொருளைத் தந்தவர் பெயர் வெளியே தெரியலாம். தன்னையே தந்தவரின் பெயரை மறைத்துத்தான் காக்க வேண்டும். ஆனால் மறைத்துவிட்டோம் என்பதற்காகக் கடன் மறைந்துவிடாது. பெயரை உலகுக்கு மறைக்கலாம். ஆய்வு என்னவாயிற்று என்ற செய்தியை அவர்க்கே மறைக்க யாருக்கும் உரிமையில்லை. என் அம்மாவிடம் மறைக்கப்பட்டது அதுவே.

இன்று திரட்டுதல் மிகப் பெரிதாகிவிட்டது. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020இல் தொடங்கிய இந்திய மரபணுத்தொகுதித் திட்டத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேரின் மாதிரிகள் திரட்டப்பட்டன. அவற்றுள் பதினாயிரம் பேரின் தரவு 2025 சனவரி 9 அன்று ஆய்வாளர்க்கு வழங்கத் தொடங்கிவைக்கப்பட்டது. தரவு பரீதாபாத்தில் உள்ள தேசிய மையத்திலும், குருதி மாதிரிகள் பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள வங்கியிலும் காக்கப்படுகின்றன. வெளிநாட்டுக் குளிர்பெட்டியில் கிடப்பதைவிட நம் நாட்டில் இருப்பது நன்று. ஆனால் கூக்காலிலிருந்து பார்த்தால் பெங்களூரும் பாஸ்டனும் ஏறக்குறைய ஒரே தொலைவுதான்.

இவ்வூர்ப் பெரியோருக்கு வியப்பூட்டும் ஒரு சட்டச் செய்தி. நீங்கள் விளைவிக்கும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்னரே 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இருக்கிறது. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி உங்கள் பூண்டை எடுத்து ஆராய வேண்டுமானால் சென்னையிலுள்ள தேசிய ஆணையத்தின் முன்அனுமதி பெற வேண்டும். பயனில் பங்கும் தரவேண்டும். பொதிகை மலைக்கு அப்பால் கேரளத்தில் காணிக்காரர் அறிந்திருந்த ஆரோக்கியப்பச்சை என்னும் செடியிலிருந்து ஜீவனி என்னும் மருந்து செய்தபோது, சட்டம் வருவதற்கு முன்னரே, உரிமத் தொகையில் பாதியை அம்மக்களுக்கு என்று ஒதுக்கி, 1997இல் அதற்கோர் அறக்கட்டளையும் அமைத்தார்கள். அச்சட்டம் உயிரி வளம் எது என்று வரையறுக்கும் இடத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: மனித மரபுப்பொருள் இதில் அடங்காது. பூண்டு அடங்கும், பூண்டு விதைத்த கை அடங்காது.

மனிதனைச் செடியோடு சேர்த்து எண்ணலாகாது என்னும் நன்னோக்கம் அதில் இருக்கலாம், ஒப்புகிறேன். மனிதர்க்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் உள்ளன. அவற்றின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் உயிர்மாதிரி வங்கிக்கென்றே ஒரு பகுதி உண்டு. மாதிரியும் தரவும் கொடுத்தவருக்கே உரியவை. வங்கி காப்பாளர் மட்டுமே. கொடுத்தவர் விரும்பினால் திரும்பப் பெறலாம். படிவத்தின் படியொன்றை அவரிடம் தரவேண்டும். எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அறநெறிக் குழுவில் சேர்ந்தபின் அதைப் படித்த அன்று மாலையே அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப என் ரத்தத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கு" என்றார். யாரிடம் கேட்பது? ஜீப்பில் வந்தவர் எந்த நிறுவனம் என்று எங்களுக்குத் தெரியாது. படிவத்தின் படி எங்களிடம் இல்லை. அதில் கையெழுத்திட்ட சாட்சி மட்டும் இருக்கிறேன்.

அடுத்து, தமிழுக்கு வருகிறேன். இப்பகுதியில்தான் கவிஞர்களாகிய உங்கள் உதவி எனக்கு வேண்டியிருக்கிறது.

குழுவில் என் முன் வைக்கப்பட்ட தமிழ்ப் படிவங்களில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வரும்: "தங்கள் மாதிரி எதிர்கால ஆய்வுகளுக்குப் பயன்படுத்தப்படலாம்." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் இத்தொடரில் மூன்று குழிகள் இருக்கின்றன. முதலாவது, மாதிரி. இவ்வூரில் மாதிரி என்றால் 'அது மாதிரி, இது மாதிரி' என்பதுதான். தன் உடம்பிலிருந்து எடுத்த குருதியை யாரும் மாதிரி என்று நினையார். இரண்டாவது, பயன்படுத்தப்படலாம் என்னும் செயப்பாட்டு வினை. பயன்படுத்துகிறவர் யார்? பல்கலைக்கழகமா, மருந்துக் கம்பெனியா, அரசா? செய்கிறவன் ஒளிந்துகொள்ள இந்த வினையைப் போல் வசதியான புதர் தமிழில் வேறில்லை. மூன்றாவது, கடைசியில் நிற்கும் 'லாம்'. மழை வரலாம் என்றால் அது வரக்கூடும் என்னும் ஊகம். நீ போகலாம் என்றால் அது அனுமதி. படிவத்தை எழுதியவர் ஊகமாக எழுதுகிறார். கைநாட்டு வைத்த மறுகணம் அது அனுமதியாகிவிடுகிறது. ஒரே விகுதி இரு பொருளிலும் நடப்பதால், கொடுத்தவர் அறியாமலே கைமாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. மாணவர்க்கு ஆண்டுதோறும் இவ்விகுதியைக் கற்பிக்கிறேன். அதற்குள் இவ்வளவு பெரிய கதவு இருப்பதைக் கவனித்ததில்லை.

டெஸ்ட் என்னும் சொல்லும் அப்படித்தான். டெஸ்ட்டுக்கு இரத்தம் கொடுத்தால், எனக்கு என்ன நோய் என்று எனக்குச் சொல்வார்கள் என்பதே மக்கள் வழக்கு. ஆராய்ச்சி என்பது உனக்காக அன்று, பின்னால் வரும் யாருக்கோ ஆனது என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது. மறைப்பது சில நேரம் வசதியாகவும் இருக்கிறது என்று ஐயுறுகிறேன்.

பிறிதொரு படிவத்தில், "தானமாக வழங்குகிறேன்" என்று இருந்தது. கல்வெட்டும் செப்பேடும் படித்தவர்கள் இங்கிருக்கிறீர்கள். நீர் வார்த்துக் கொடுத்த தானம் திரும்பாது; சந்திர சூரியர் உள்ளவரை நிற்கும். ஆயின் அத்தகைய தானத்துக்கும், கீழ்பால் எல்லை, தென்பால் எல்லை என்று நான்கெல்லையும் சொல்லாமல் ஒரு செப்பேடு முடியாது. குருதித் தானத்துக்கு நான்கெல்லை எழுதப்படவில்லை. எந்த நோய் வரை, எத்தனை ஆண்டு வரை, எந்த நாடு வரை, யார் கை வரை? நான்கு கேள்விதான். குழுவில் இதை எழுப்பியபோது மருத்துவர் ஒருவர் சிரித்தார். ஆனால் அடுத்த படிவத்தில் நான்கும் இடம்பெற்றன.

தானம் என்பதை நீக்கிவிட்டு நான் ஒரு சொல் முன்மொழிந்தேன். கம்பராமாயணத்தில் கையடைப் படலம் உண்டல்லவா? தயரதன் தன் மகனை முனிவன் கையில் ஒப்படைக்கும் இடம். கையடை என்றால் காக்கும்படி கொடுத்தது. கொடுத்தவன் உரிமை போகாது, பெற்றவன் பொறுப்புத் தீராது. நெறிமுறை சொல்லும் 'காப்பாளர்' என்னும் கருத்துக்கு இதைவிடப் பொருந்தும் தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. ஊக்கத்தோடு எடுத்துரைத்தேன். "அம்மா, இதற்கு ஒரு உரையாசிரியரையும் கூட அனுப்ப வேண்டியிருக்கும்" என்றார் தலைவர். அவர் சொன்னதும் சரிதான். "பத்திரமாக வைத்திருக்கும்படி கொடுக்கிறேன்" என்று எழுதி முடித்தோம். கையடை என் குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டது.

தீராத சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. என் குருதியில் இருப்பது என் எழுத்து மட்டும் அன்று. என் தம்பியின் பாதி அதில் இருக்கிறது. என் மகளின் பாதி இருக்கிறது. பிறவாத பேரனும் இருக்கிறான். நான் ஒருத்தி கையெழுத்திட்டால் அவர்கள் எல்லாரையும் திறந்து காட்டியதாகும். இதனை அறநெறிக் குழுவில் விளக்க அரைமணி ஆயிற்று. போன மாதம் இவ்வூரில் ஒரு பெரியவரிடம் சொன்னபோது, உடனே, "கூட்டுப் பட்டா மாதிரி" என்றார். ஆம் ஐயா, அதுவேதான். கூட்டுப் பட்டா நிலத்தில் ஒரு பங்காளி தன் பங்கைப் பேசலாம், முழு நிலத்தையும் எழுதிக்கொடுக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல், தம்மிடம் ஆய்வுக்கு வருவோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று தாமே ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டனர். தனியாள் இசைவுக்கு முன் ஊராரிடம் பேச வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. ஆயினும் ஊர் என்று நாம் சொல்லும்போது அது யார்? ஊர்க்கூட்டத்தில் பேசுவோர் ஆடவர். குருதி கொடுக்க வரிசையில் நிற்போர் பெரும்பாலும் பெண்கள். பழனி மலைப் பளியர்க்காக யார் தலையசைப்பது? அவர்தம் பெயரால் வேறு யாரோ தலையசைத்துப் பழகிய மலை இது. ஊர் இசைவு என்பது தனியாள் இசைவுக்கு மேல் ஒரு காவலாக இருக்கட்டும். அதற்கு மாற்றாக ஆகிவிடக் கூடாது என்பது இப்போதைக்கு என் கருத்து. இதில் எனக்கு முழு உறுதி இல்லை; உங்களில் மாறுபடுவோர் எழுந்து சொல்ல வேண்டும்.

நேரம் கடந்துவிட்டது. குழுச் செயலரின் ஒப்புதலோடு, இப்போது திருத்தத்தில் உள்ள ஒரு தமிழ்ப் படிவத்தின் இருபது படிகளைக் கொண்டுவந்திருக்கிறேன். நான்கு பக்கம். உணவு இடைவேளையில், எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர், தெரியாத ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டுகிறேன். கேட்பவர் எந்த இடத்தில், "அப்படின்னா என்ன?" என்று கேட்கிறாரோ, அந்தச் சொல்லின் கீழே ஒரு கோடு போட்டுத் தாருங்கள். கவிஞர்கள் அந்தச் சொல்லுக்கு மாற்றுச்சொல்லை விளிம்பில் எழுதுங்கள். முதல் படியை என் அம்மாவுக்கு நானே படித்துக் காட்டப்போகிறேன். இம்முறை மூன்று பக்கத்தையும் நான்காவது பக்கத்தையும் விடாமல்.